முறை வீட்டுச் சோறு

சீதா அந்த வீட்டுக்கு வாழ வந்து ஏழு வருஷம் ஆகிறது. இந்த ஏழு வருஷத்தில் நாலு பேரோடு உட்கார்ந்து, சூடாக, ஒரு வேளைச் சோறாவது சாப்பிட்டிருப்பாளா என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். கல்யாணத்தன்று சாப்பிட்டாள். அதுவும் போட்டோக்காரன் இப்படித் திரும்புங்க, அப்படித் திரும்புங்க என்று படுத்திய பாட்டில் பாதிச் சோறு இலையிலேயே கிடந்தது.

அவளை உட்காராதே என்று யாரும் சொன்னதில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத்தான் பாவம் வந்து சேரும். மாமியார் அம்சவல்லி கொடுமைக்காரி இல்லை. மாமனார் ரெங்கசாமி சத்தம் போட்டுப் பேசுவார், அவ்வளவுதான். முப்பது வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்து மலைக்கு மலை ஆள்களைக் கூப்பிட்ட தொண்டை அது. புருஷன் புவனேஸ் தங்கமானவன். கொழுந்தன் புனிதன் தின்ற தட்டைக் கழுவி வைக்கிற பிள்ளை. நல்லவர்கள் நாலு பேருக்கும் நாலு நேரத்தில் பசித்தது, வேறொன்றுமில்லை.

விடியற்காலை நாலேகாலுக்கு அடுப்பைப் பற்ற வைப்பாள். அந்நேரத்தில் தண்ணீரில் கை வைத்தால் விரல் மரத்துப் போகும். கேமரன் மலைக் குளிர் ஊர் பார்க்க வருகிறவர்களுக்குச் சுகமாகத்தான் இருக்கும், அரிசி களைகிறவளுக்கு என்ன சுகம்? ஐந்து மணிக்கு புவனேஸ் திரிங்காப்பில் லாரிக்கு முட்டைக்கோஸ் ஏற்றப் போக வேண்டும். அவனுக்குத் தேத்தண்ணியும் ரொட்டியும். ஆறு மணிக்கு மாமனாருக்குத் தோசையும் நெத்திலிச் சம்பலும். ஆறேகாலுக்கு, கியா பார்மில் ஸ்ட்ராபெரிப் பண்ணை வேலைக்குப் போகிற புனிதனுக்குச் சோறு கட்டியாக வேண்டும். ஆறரைக்குத் தோட்டத்தில் பெரட்டு. பேர் கூப்பிடும்போது அவள் அங்கே நிற்க வேண்டும். பிறகு மலைச்சரிவில் கத்திரியும் கையுமாகக் கொழுந்து வெட்டு. ஒரு தோசையை நாலாக மடித்து வாயில் திணித்துக்கொண்டு ஓடுவதுதான் அவளுடைய பசியாறல்.

இரவுச் சாப்பாடு மட்டும் ஏழரைக்கு எல்லாரும் சேர்ந்துதான். அது ரெங்கசாமி போட்ட சட்டம். "எங்க வூட்டுல ராத்திரி எல்லாரும் ஒண்ணாத்தான் சாப்புடுவோம். அவனவன் தட்டத் தூக்கிக்கிட்டு டிவி முன்னாடி போற பழக்கமெல்லாம் கெடையாது லா" என்று லயத்து வரிசை வீடுகளில் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். சமையலறைத் தரையில் நாலு பேரும் வட்டமாக உட்காருவார்கள். சீதா சட்டிக்கும் வட்டத்துக்கும் நடுவில் நின்று போடுவாள். அந்த எல்லாரிலும் அவள் சேர்த்தி இல்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை. அவளுக்கே போன வருஷம்தான் உறைத்தது.

உறைத்த கையோடு ஒரு காரியம் செய்தாள். ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையின் தாதி உதவியாளர் பயிற்சிக்குக் கைபேசியிலேயே மனு அனுப்பினாள். ஒரு வருஷப் பயிற்சி, தங்க இடம், முடித்தால் அங்கேயே வேலை. முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும். சீதாவுக்கு அடுத்த மாதம் முப்பது. கூப்பிட்டும் விட்டார்கள். குறிப்பிட்ட திங்கட்கிழமை காலை எட்டரைக்குள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், வராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று கடிதத்தில் இருந்தது.

புவனேஸிடம் மட்டும் சொன்னாள். அவன் "வீடு?" என்றான்.

அதுதானே விஷயம். லயத்து வீடு தோட்டத்துச் சொத்து. வீட்டில் ஒருத்தராவது தோட்ட வேலையில் இருக்கும் வரைக்கும்தான் குடியிருக்கலாம். ரெங்கசாமி ஓய்வு பெற்றாயிற்று. அம்சவல்லி முழங்கால் போய் நின்றுவிட்டாள். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வெளி வேலை. அந்த வீட்டில் பெரட்டில் கூப்பிடுகிற ஒரே பேர் சீதாவினுடையது.

"ஒரு வருசம் நான் தோட்டத்துல பேர் குடுக்கறேன். என் லாரி வேலைய விஜயன் அண்ணன் சேத்துப் பாத்துக்குவாரு" என்றான் புவனேஸ் மறுநாள். சொன்னபடியே தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் போய்ப் பேரும் கொடுத்துவிட்டு வந்தான். "திருவிழா முடியட்டும். அப்பாகிட்டயும் அம்மாகிட்டயும் நானே சொல்றேன்."

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் இந்த வருஷம் இவர்களுடையதுதான் முறை வீடு. காப்புக் கட்டுகிற இருபத்தொரு ஆம்பிளைகளுக்கும் பத்து நாளும் மதியச் சோறு முறை வீட்டு அடுப்பில்தான் வேக வேண்டும். பொங்குகிறவளுக்கும் கையில் மஞ்சள் காப்புக் கட்டுவார்கள். தோட்டத்திலும் பத்து நாள் லீவு கொடுத்துவிடுவார்கள். கட்டிவிட்டால், அவிழ்க்கும் வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. சீதா நாள்காட்டியைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை காப்பு. அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை அவிழ்ப்பு. மறுநாள் திங்கட்கிழமை ஈப்போ. அம்மனே பார்த்துக் குறித்துக் கொடுத்த மாதிரி இருந்தது. பத்து நாளும் முகம் சுளிக்காமல் பொங்கிப் போட்டுவிட்டுப் போகலாம் என்று சந்தோஷப்பட்டாள்.

காப்புக்கு முதல் நாள் வியாழக்கிழமை மத்தியானம் மூன்றாவது லயத்துச் சிங்காரம் செத்துப்போனார்.

எண்பத்திரண்டு வயது, நாலு மாதமாகப் படுக்கை. இன்னும் ஒரு பத்து நாள் இழுத்துக்கொண்டு கிடந்தால் என்னவாம் என்று சீதாவுக்குத் தோன்றியது. தோன்றிய உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தோட்டத்தில் சாவு விழுந்தால் தீட்டு. கோயில் கமிட்டி கூடிக் காப்பை ஒரு வாரம் தள்ளி வைத்தது. இப்போது அந்தத் திங்கட்கிழமை, காப்புக் கட்டின நாலாம் நாளாகப் போய்விட்டது. ஈப்போவுக்குப் போன் போட்டுத் தேதியைத் தள்ளிப் போட முடியுமா என்று கேட்டாள். "தாக் போலே லா, காக்" என்று அந்த மலாய்க்காரப் பெண் தன்மையாகத்தான் முடியாது என்றாள்.

புதுக் காப்புக்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை இரவு, எல்லாரும் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் சொல்லிவிடுவது என்று நின்றாள்.

"மாமா, ஒரு விசயம்..."

"ரசம் ஊத்தும்மா மொதல்ல. ஆமா, இருபத்தோரு பேருக்கு எத்தன கிலோ அரிசி போடுவ?"

"அஞ்சு கிலோ போதும் மாமா. நான் என்னா சொல்ல வந்தேன்னா..."

"பத்தாது. காப்பு கட்டுனா பயலுவ ஒவ்வொருத்தனும் ரெண்டு ஆளு சோறு திம்பானுங்க. ஆறு போடு."

"அண்ணி, அந்த எறா பெலாச்சான் டப்பாவ என்னா பண்ணுவீங்க?" என்றான் புனிதன். "வீட்டுல கவுச்சி வாடையே இருக்கக்கூடாதுல்ல?"

"பிளாஸ்டிக்ல கட்டி பின்னாடி கொட்டாயில தொங்க விட்டுர்றேன்."

"ரெண்டு பிளாஸ்டிக்கா போட்டுக் கட்டு" என்றாள் அம்சவல்லி. "போன வருசம் அந்த முறை வீட்டுல ஒழுங்கா கட்டாம விட்டு, சாமி வந்து ஆடிக்கிட்டிருந்த பூசாரி வாசம் புடிச்சிட்டுப் பாதியில நின்னுட்டாரு!"

எல்லாரும் சிரித்தார்கள். சீதாவும் சிரித்துத் தொலைத்தாள். புவனேஸ் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான். பிறகு அப்பளத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கினான். கொஞ்ச நேரத்தில் நாலு பேரும் கை கழுவப் போய்விட்டார்கள். சீதா அடிச்சட்டிச் சோற்றை வழித்துப் போட்டுக்கொண்டு, நின்றபடியே தின்றாள்.

வெள்ளிக்கிழமை மாலை பூசாரி மஞ்சள் கயிற்றோடு வந்தபோது கையை நீட்டினாள். நீட்டாமல் என்ன செய்வாள்? உறுமி அடிக்கிறார்கள், தோட்டமே சுற்றி நிற்கிறது, மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பூரிப்பாக நிற்கிறார். அந்த நேரத்தில் ஈப்போ, எட்டரை மணி என்று எவளால் சொல்ல முடியும்? புவனேஸும் கட்டிக்கொண்டான். காப்புக் கட்டின ஆம்பிளைகள் அவிழ்க்கும் வரை கோயிலிலேயே படுக்க வேண்டும். பாயைச் சுருட்டிக்கொண்டு அவன் போய்ச் சேர்ந்தான்.

சனிக்கிழமை விடிவதற்கு முன்னால் பின்கட்டுக் குழாயடியில் அம்சவல்லி முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். சீதா ஆறு கிலோ அரிசியைக் களைந்தபடியே, மாமியார் முகத்தைப் பார்க்காமல், எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஈப்போ, கடிதம், முப்பது வயது, திங்கட்கிழமை.

நறுக்குகிற சத்தம் நின்றது.

"எத்தன மாசம்?"

"ஒரு வருசம் அத்தை. லீவுக்கு வந்துருவேன்."

"புவனேசுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவருதான் போவச் சொன்னாரு. வீட்டப் பத்திக்கூட அவரு..."

"தேத்தண்ணி எங்க? மணி என்னா ஆச்சு?" என்று உள்ளேயிருந்து ரெங்கசாமி குரல் கொடுத்தார்.

சீதா எழுந்து ஓடினாள். தேத்தண்ணி கலந்து, ஆற்றி, கொடுத்துவிட்டு வந்தபோது பேச்சு விட்ட இடத்தில் இல்லை. அம்சவல்லி அதற்குள் ஒரு வழியே கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

"நீ ஒண்ணு பண்ணு. நாளைக்குக் காலையில வீட்டுக்குத் தூரம்னு சொல்லிரு."

"அத்தை!"

"என்னா அத்தை? காப்ப அவுத்துடுவாங்க. பொம்பளைக்கு வந்துருச்சின்னா யாரு என்னா கேக்க முடியும்? பூசாரியா வந்து பாக்கப் போறாரு?"

"அம்மன்கிட்ட போயி பொய் சொல்றதா?"

"அவளும் பொம்பளதான. புரிஞ்சிக்குவா."

"அப்ப சமையலு?"

"நான் கட்டிக்கிறேன் காப்ப. நீ வர்ற வரைக்கும் இந்த வூட்டுல பொங்குனது யாரு? முட்டி வலிக்கும், வலிச்சிட்டுப் போவுது. கூப்புட்டு வேல சொல்லித் தாரேன்னு ஒருத்தன் சொல்றான், சும்மா விடுறதா? போயிட்டு வா."

சீதாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இந்த மனுஷியிடம் சொல்லவா இத்தனை நாள் பயந்து செத்தோம் என்று, ஈரக் கையோடு மாமியாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சொன்னாள். பூசாரி தள்ளி நின்று மந்திரம் சொல்ல, அவளே காப்பை அவிழ்த்துப் பால் சொம்பில் போட்டாள். "மூணாம் நாளேவா, சே" என்று ரெங்கசாமி முணுமுணுத்தார். பக்கத்து வீட்டு இராசம்மா, "அட, இந்த மாசமும் இல்லியா" என்று உச்சுக் கொட்டினாள். ஏழு வருஷமாக வயிறு திறக்கவில்லையே என்பது அவளுடைய கவலை. பின்கட்டுக் கொட்டகையில், விறகுக்கும் பெலாச்சான் பொட்டலத்துக்கும் நடுவில், பாயும் போர்வையும் போட்டாயிற்று.

"அஞ்சு நாளைக்குக் கொட்டாய விட்டு நகராதம்மா" என்றார் ரெங்கசாமி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. "கோயில் ரோட்டுல காலே வைக்கக்கூடாது. எல்லை கட்டியிருக்கு, தெரியும்ல?"

அப்போதுதான் சீதாவுக்குச் சுருக்கென்றது. தோட்டத்திலிருந்து வெளியே போக ஒரே தார் ரோடு. அது கோயில் வாசலை ஒட்டிக்கொண்டு போகிறது. காப்போடு போனால் எல்லை தாண்டிய குற்றம். காப்பை அவிழ்த்த காரணத்தோடு போனால் கோயிலைத் தீட்டாக்கிய குற்றம். மாமியாரும் மருமகளும் என்ன சாமர்த்தியமாக யோசித்தார்கள், ரோடு எந்தப் பக்கம் போகிறது என்பதை மட்டும் யோசிக்கவில்லை!

அன்றைக்கு அவள் சமைக்கவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். வாயால் சமைத்தாள். "சீதா, பெருங்காயம் எங்க?" "மேல் தட்டுல, பச்ச டப்பா அத்தை." "அண்ணி, பருப்புக்குத் தண்ணி எவ்ளோ?" "ரெண்டு மங்கு ஊத்துங்க." பலகைச் சுவர் வழியாக மத்தியானம் வரைக்கும் இதே பாட்டுத்தான்.

மூன்று மணிக்கு அம்சவல்லி தட்டில் சோறு கொண்டுவந்தாள். கொதிக்கிற சாம்பார் தெறித்துக் கையில் கொப்புளம். காலை நீட்டி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இருபத்தோரு பேர்ன்னானுங்க. முப்பத்தஞ்சு பேரு வந்து திங்கிறானுங்க."

"அத்தை, பன்னெண்டாம் நம்பர் மலை வழியா ஏறிடலாம்னு பாக்கறேன். மேல தண்ணித் தொட்டியத் தாண்டுனா பெரிய ரோட்டு. விஜயன் அண்ணன்கிட்ட பேசிட்டேன். அஞ்சரைக்கு அங்க லாரிய நிறுத்துறேன்னாரு. எட்டு மணிக்கெல்லாம் ஈப்போல எறக்கி விட்டுருவாராம்."

"ம்."

"அவருக்கும் மெசேஜ் போட்டுட்டேன்."

அம்சவல்லி முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "லயத்துக் கோடியில சசிரேகா வூட்டப் பூட்டிட்டாங்க, பாத்தியா?" என்றாள். "கோயிலுக்குச் சோறு கொண்டு போறப்ப பாத்தேன். அவ மவ வேலைய விட்டுட்டுக் கோலாலம்பூர் போயி மூணு மாசந்தான் ஆச்சு. சாமானத் தூக்கி வெளிய வச்சிட்டாங்களாம். இப்ப பங்களாதேஷ்காரனுங்க ஆறு பேரு வரப் போறானுங்களாம்."

சீதாவின் கைபேசி அப்போதுதான் அடித்தது. 'சரிமா, பாத்துப் போ' என்று புவனேஸ் அனுப்பியிருந்தான். "ஆமா அத்தை" என்று எதற்கோ சொல்லிவிட்டு அவனுக்குப் பதில் எழுதினாள். மாமியார் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கதவைப் பிடித்து எழுந்து போனாள். சோறு சூடாக இருந்தது. சீதா அன்றைக்கு ருசித்துச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை, பழக்கத்தில் நாலேகாலுக்கே விழிப்பு வந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்பக்கமாக மலை ஏறினாள். தேயிலைச் செடியெல்லாம் பனியில் ஊறி நின்றது. பத்து அடி ஏறுவதற்குள் இடுப்புக்குக் கீழே தொப்பலாக நனைந்துவிட்டது. வேலைக்கு ஏறும்போது இந்த ஏற்றம் மூச்சை வாங்கும். அன்றைக்கு வாங்கவில்லை. தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் எல்லைக் குச்சி நின்றது, வேப்பிலையும் எலுமிச்சம்பழமும் கட்டி. சீதாவின் கால் தன்னால் நின்றது.

"தாயே, நான் தூரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. உனக்கே தெரியும். வழி விடு" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தாண்டினாள். ஒன்றும் ஆகவில்லை. அம்மன் வழி விட்டுவிட்டாள்.

ரோட்டுக்கு வந்தபோது ஐந்து இருபது. ஐந்தரை ஆயிற்று. மூடுபனிக்குள்ளிருந்து லாரிகள் வந்துகொண்டிருந்தன, கோலா தெர்லா பக்கம் போகிற காய்கறி லாரிகள். எதுவும் விஜயனுடையது இல்லை. ஆறு மணிக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"நானா? பாதி மலை எறங்கிட்டேனே தங்கச்சி. ஏன், ஒடம்பு தேவலையா இப்ப?"

"எந்த ஒடம்பு?"

"உங்க அத்தை நேத்து சாயங்காலம் போன் பண்ணாங்களே. தங்கச்சிக்கு ரொம்ப முடியல, வரல, நிக்க வேணாம்னு."

சீதா ரோட்டோரத்தில் நின்று வருகிற வண்டிக்கெல்லாம் கை காட்டினாள். பொம்பளை ஒருத்தி மூடுபனியில் தனியாக நின்று கை காட்டினால் எவன் நிறுத்துவான்? பயந்துதான் போவான். ஒரு சீனக் கிழவர் மட்டும் நிறுத்தினார். அவர் பக்கத்துப் பண்ணை வரைக்கும்தான் போகிறார். தானா ராத்தாவிலிருந்து முதல் பஸ் எட்டு மணிக்குத்தான். ஏழு மணி அடித்தபோது இனி பறந்து போனாலும் முடியாது என்று தெரிந்துவிட்டது. வந்த வழியே இறங்கினாள்.

கொட்டகை வாசலில் அம்சவல்லி உட்கார்ந்திருந்தாள். விடியும் முன்பிருந்தே உட்கார்ந்திருப்பாள் போல.

"ஏன் அத்தை?"

அம்சவல்லி மறைக்கவில்லை. "நான்தான் பண்ணேன்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

"சனிக்கெழம மனசாரத்தான் சொன்னேன். மாரியாத்தா மேல சத்தியமா. நேத்து சசிரேகா வூட்டுப் பூட்டப் பாத்ததுலேருந்து வேற நெனப்பே ஓடல. உன் பேருலதான் இந்த வூடு நிக்குது. நீ போயிட்டா மூணு மாசத்துல நம்ம சாமானும் வெளியதான். அந்த மனுசனக் கூட்டிக்கிட்டு இந்த முட்டியோட நான் எங்க போயி நிப்பேன் சொல்லு? அதான் உன்ன நிறுத்திட்டேன். ஏசு. நல்லா ஏசிரு. அடிக்கணும்னாலும் அடி."

சீதாவுக்குக் கோபம்கூட வரவில்லை. அப்படியே பாயில் உட்கார்ந்தாள்.

"அவரு பேர் குடுத்துட்டாரு அத்தை."

"யாரு?"

"உங்க மவன்தான். ஒரு வருசத்துக்கு லாரிய விட்டுட்டுத் தோட்டத்துல எறங்கறேன்னு கிராணிகிட்ட பேர் குடுத்து எழுதியாச்சு. மூணு வாரம் ஆச்சு. நான் போனாலும் வூடு போவாது."

அம்சவல்லியின் கொப்புளம் கண்ட கை முழங்காலிலேயே நின்றுவிட்டது.

"அடிப்பாவி" என்றாள், ரொம்ப மெதுவாக. "இத ஏண்டி ஏங்கிட்ட சொல்லல?"

"எப்ப அத்தை சொல்றது?" என்றாள் சீதா. "எந்தச் சோத்துல நான் ஒங்க கூட ஒக்காந்தேன்?"

உள்ளேயிருந்து ரெங்கசாமி, மணி ஏழரை ஆச்சு, தோசை எங்கே என்று கேட்டார். இரண்டு பேரும் அசையவில்லை. மறுபடியும் கேட்டார், இந்தத் தடவை மலைக்கே கேட்கிற மாதிரி.

சீதா எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டாள். போன பிறகுதான், தான் தூரம், அடுப்படிக்குள் காலே வைக்கக்கூடாது என்பது ஞாபகத்துக்கு வந்தது. இன்னும் நாலு நாள் இருக்கிறது. திரும்பி வந்து பாயில் உட்கார்ந்துகொண்டாள்.